அற்பமானவர்களின் சுதந்திரம்

முடிதிருத்தும் கடைகளில் 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று ஒரு பலகை தொங்கும். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. கழுத்தருகே கத்தி இருக்கிறபோது கட்சி விவகாரம் வேண்டாம்தான். ஆனால் அந்தக் கடையின் லைசென்ஸ் பற்றியே புதிதாக ஒரு விதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகைக்குக் கீழே உட்கார்ந்து அதைப் பேசலாமா? அது அரசியலா, தொழில் விஷயமா?

ஒரு காரியத்தின் மீதுள்ள பிரியம் ஒன்றினாலேயே கூடுகிறவர்கள், அந்தக் காரியத்தை ஆள வரும் சட்டத்தைத் தங்களுக்குள் விவாதிக்கலாமா என்பது பிரச்னை. இணையம் வந்த பிறகு இது கூர்மை அடைந்திருக்கிறது. ஆனால் இணையத்தோடு பிறந்ததல்ல.

1912-ல் அமெரிக்கா இயற்றிய ரேடியோ சட்டம், அமெச்சூர்கள் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களைத் தொடக் கூடாது என்றது. அதற்குக் கீழுள்ளவை அதிகம் உபயோகப்படா என்பது அன்றைய எண்ணம். விளையாத புறம்போக்கை எழுதிக் கொடுத்த மாதிரி. 1923 நவம்பரில் அந்தப் புறம்போக்கில், சுமார் 110 மீட்டரில், அமெரிக்க அமெச்சூர்களும் பிரான்சிலிருந்த ஓர் அமெச்சூரும் அட்லாண்டிக்குக்குக் குறுக்கே செய்தி பரிமாறிக்கொண்டார்கள். நான் கவனிக்கச் சொல்வது இடையில் நடந்ததை. 1917-ல் யுத்தத்தை முன்னிட்டு அவர்களுடைய நிலையங்கள் மூடப்பட்டன. யுத்தம் முடிந்த கையோடு, ரேடியோவைக் கடற்படையின் வசமே வைத்துக்கொள்ள ஒரு மசோதா வந்தது. அமெச்சூர்களின் சங்கம் அதை எதிர்த்து வாதாடியது, மசோதா நிறைவேறவில்லை. 'கம்பிச்சுருளைப் பற்றிப் பேச மட்டுமே கூடினோம்' என்று அவர்கள் சும்மா இருந்திருந்தால், அந்த 1923-க்கு உத்தரவாதம் ஏதும் இல்லை.

சர்வதேச ரேடியோ விதிகளில் 2003 வரை இருந்த ஒரு வாசகத்தின் சாரம் இது: அமெச்சூர்கள் தொழில்நுட்பச் சோதனைகளைப் பற்றிப் பேசலாம், சொந்த விஷயமும் பேசலாம், அது பொதுத் தொலைத்தொடர்புக்குக் கொடுக்கத் தேவையில்லாத அளவுக்கு முக்கியமற்றதாக இருந்தால். அதாவது, முக்கியமற்றவர்களாக இருக்கச் சம்மதித்தால் சுதந்திரம். அரசாங்கம் இப்படி ஒரு நிபந்தனை விதிப்பதில் ஆச்சரியம் இல்லை. கூடியிருப்பவர்கள் தாங்களே அதைத் தங்களுக்கு விதித்துக்கொள்வதுதான் என்னை உறுத்துகிறது.

2011-ல் 'ஸோப்பா', 'பிப்பா' என்ற இரு மசோதாக்கள் அமெரிக்கக் காங்கிரஸில் கொண்டுவரப்பட்டன. வெளிநாட்டுத் தளங்களில் நடக்கும் பிரதித் திருட்டைத் தடுப்பது நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை. வழிகளில் ஒன்று, கோர்ட் உத்தரவின் பேரில், ஒரு தளத்தின் பெயரைக் கேட்டால் இணைய நிறுவனம் அதன் முகவரியைச் சொல்லாதிருப்பது. வழியில் வரும் பதில் திருத்தப்படவில்லை என்று உறுதி செய்யும் பாதுகாப்பு ஏற்பாட்டோடு இது மோதும் என்று பொறியாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2012 ஜனவரியில், மசோதாவைக் கொண்டுவந்தவர்களே இந்தப் பகுதியைக் கைவிட முன்வந்தார்கள். ஒரு சர்குலர் எங்கே இடிக்கும் என்பது அதை எழுதியவரைவிடக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு முதலில் தெரியும். இது என் பிழைப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது. பிரியத்தால் ஒன்றில் உழல்கிறவனிடம் இருப்பது இந்த அறிவுதான். அவன் நீதிபதி அல்ல, சாட்சி. சாட்சியின் வாயைக் கட்டிவிட்டு விசாரணையின் தூய்மையைக் காப்பாற்றுவதாகச் சொல்வது விநோதம்.

எதிர்த்தரப்பின் பயமும் பொய்யில்லை. சட்டம் உள்ளே வந்தால் அதன் பின்னால் கட்சி வரும். பிரியத்துக்காக வந்தவன் சப்தம் தாங்காமல் எழுந்து போவான். இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது: தன் கூரையில் தீப்பிடித்தால் மட்டும் கத்துகிறவனின் அறம் என்ன அறம்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. விவாதத்தில் யாருடைய பாட்டும் புத்தகமும் திருடப்பட்டனவோ அவர்களுக்கும் இடம் இருந்தால், அது வெறும் கத்தலாக முடியாது என்று மட்டும் சொல்லலாம்.

நடுநிலையை விதியாகவே கொண்ட ஆங்கில விக்கிப்பீடியா, 1800 பேருக்கு மேல் கலந்துகொண்ட விவாதத்துக்குப் பிறகு, 2012 ஜனவரி 18 அன்று 24 மணி நேரம் தன்னை மூடிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து இரு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன. வெற்றிதான். ஆனாலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சாட்சி சொல்வது வேறு, கடையடைப்பது வேறு. அன்று அவர்கள் செய்ததில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை: எல்லாவற்றையும் மூடியவர்கள், அந்த இரு மசோதாக்களைப் பற்றிய பக்கங்களைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

இதைச் சிறுபத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. இலக்கியம் மட்டுமே பேசுவோம் என்பது நமக்கும் பழக்கமான பலகை. 1975 ஜூனில் நெருக்கடிநிலையோடு பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை வந்தது. நாம் அரசியல் பேசவில்லை என்று நாமே சொல்லிக்கொள்வதில் அப்போது பயன் இருக்கவில்லை. எது அரசியல் என்று தீர்மானிப்பது தணிக்கை அதிகாரியின் வேலையாகிவிட்டிருந்தது. நாம் பேச மறுத்துவிட்டால், அந்த வேலை அவரிடமே இருந்துவிடும்.