கடல் கரைத்த சாதி

எர்ணாவூருக்கு வெள்ளம் வந்தது. வெறும் வெள்ளமன்று, எண்ணெய் கலந்த வெள்ளம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் ஓய்ந்த வேளையில், பக்கிங்காம் கால்வாய் வழியே வந்த கரிய நீர் குடிசைக்குள்ளும் புகுந்தது, கூடத்துக்குள்ளும் புகுந்தது. சுவரிலே கறுப்புக் கோடு கிழித்துச் சென்றது. உள்ளே வாழ்வோர் எக்குலத்தார், எத்தெருவார் என்று அது கேட்கவில்லை.

அந்த நாட்களில் நாம் கண்ட காட்சி ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. பொதுவிடத்திலே அடுப்பு மூட்டினார்கள். ஒரே அண்டா, ஒரே அகப்பை. குப்பத்து மீனவர், பர்மாவிலிருந்து உடைமை இழந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஆலைத் தொழிலாளர், அலுவலகம் செல்வோர், அனைவரும் தட்டேந்தி ஒரே வரிசையில் நின்றனர். சமைத்தவர் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பசி கேட்க விடவில்லை!

மூன்று திங்கள் கழிந்தன. அவ்வரிசையிலே அடுத்தடுத்து நின்ற இரு குடும்பங்கள். தந்தையர் இருவரும் ஓர் ஆலையிலே இருபது ஆண்டு அருகருகே நின்று உழைத்தவர்கள். ஒருவர் மகனும் மற்றவர் மகளும் மணக்க விரும்பினர். பெண்ணின் தந்தையிடம் பேசும் பொறுப்பு நம்மிடம் வந்தது. வெள்ளத்தின்போது ஒன்றாக உண்டதை நினைவூட்டினோம். அவர் சினக்கவில்லை, அமைதியாகவே சொன்னார்: “சாப்பிட்டோம், இல்லேன்னு சொல்லல. அப்போ வேற வழி இல்ல, தம்பி.”

வேறு வழி இல்லை! மூன்றே சொற்கள். ஆனால் ஒரு பெரும் அறக் கேள்வி அவற்றுள் அடங்கிக் கிடக்கிறது. வேறு வழியில்லாதபோது கடைப்பிடித்த சமத்துவம் சமத்துவமாகுமா? வெள்ளம் வடிந்ததும் வடிந்துவிடுவதை அறம் என்று அழைக்கலாமா?

இக்கேள்விக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். நம் கரையிலிருந்தே புறப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து, தென்னமெரிக்கக் கரையில் அமைந்த கயானா நாடு வரை செல்ல வேண்டும்.

1838 ஆகஸ்டு முதல் நாள், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கரிபியத் தீவுகளிலும் கயானாவிலும் ஆப்பிரிக்க அடிமைகள் முழு விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்ட முதலாளிகள் கலங்கினர். விடுதலை பெற்றவன் கூலி கேட்பான். போதாதென்றால் வேலையை மறுப்பான். அவனுக்குப் போட்டியாக ஆள் வேண்டும். குறைந்த கூலிக்கு, வாய் திறவாமல் உழைக்கும் ஆள் வேண்டும். விடுதலை நாள் வருமுன்பே, அவ்வாண்டு மே 5ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து முதல் கூலிக் கப்பல்கள் கயானா சேர்ந்துவிட்டன. வரவழைக்கும் திட்டத்துக்கு வித்திட்டவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை. 1823இல் அடிமைகள் பொங்கி எழுந்த டெமரேரா கிளர்ச்சி வெடித்ததும் அவருக்குச் சொந்தமான தோட்டத்திலேதான்!

1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அன்று சென்னைக்குக் கட்டிய துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலே நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகிலே ஆட்களை ஏற்றி, அலை கடந்து, அங்கே கொண்டு சேர்ப்பார்கள். பஞ்சத்தால் விரட்டப்பட்டோர், கடனால் நசுங்கியோர், தரகனின் இனிப்புப் பேச்சுக்கு இரையானோர், ஊர்க் கொடுமைக்குத் தப்பியோர் எனப் பலரும் ஏறினர். 1917இல் இம்முறை நிறுத்தப்படும் வரை கயானாவுக்கு மட்டும் சென்ற இந்தியக் கூலிகள் ஏறத்தாழ 2,39,000 பேர். பெரும்பாலோர் போஜ்புரி பேசும் வடநாட்டார். சென்னைத் துறையில் ஏறிய தமிழரும் தெலுங்கரும் ஏறத்தாழ 15,000 பேர்.

கடல் கடந்தால் சாதி கெடும் என்று சாத்திரம் எழுதி வைத்தவர்கள் நம்மவர்கள். போதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிழக்கச் செய்யும் குற்றங்களிலே ஒன்றாக வைத்தது. சாத்திரம் சொன்னவற்றுள் இந்த ஒன்று மட்டும் பலித்துவிட்டது! கப்பலிலே சாதிக்கொரு சமையற்கட்டு ஏது? கீழ்த்தட்டின் இருளிலே தீண்டாமைக்குரிய இடைவெளி ஏது? ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, திங்கள் கணக்கில் நீண்ட பயணத்திலே, ஒரு பானைச் சோற்றை உண்டு, ஒரே பீப்பாய்த் தண்ணீரைக் குடித்து, மாண்டவரை ஒரே கடலில் இறக்கினர். இறங்கும்போது ஒரு புதிய உறவு பிறந்திருந்தது. ‘ஜகாஜி பாய்’ என்றனர்; கப்பல் உடன்பிறப்பு என்பது பொருள். உடன் பயணம் செய்தவன் அண்ணன் தம்பி. அவன் பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

இறங்கிய இடத்திலும் சாதிக்கு இடமில்லை. அடிமைகள் வாழ்ந்து விட்டுச் சென்ற நீண்ட கொட்டில்களிலே வரிசையாக அடைத்தனர். கரும்பு வெட்டும் கத்தி எல்லார் கைக்கும் ஒன்று. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறினால் சிறை; அச்சிறையும் எல்லாருக்கும் ஒன்று. பெண்களோ குறைவு, சாதி பார்த்து மணம் முடிக்க ஆள் ஏது? இரண்டு மூன்று தலைமுறைக்குள், ஆயிரமாயிரம் ஆண்டு அசையாமல் நின்றதாகக் கூறப்பட்ட அமைப்பு, பெரும்பாலும் வெறும் பெயராகத் தேய்ந்தது.

பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டது, பிரமனே வகுத்தது, இரத்தத்தில் ஊறியது என்று இங்கே சாதிக்கு வாதாடுவோரே! இரத்தத்தில் ஊறியது உப்புக் காற்றிலா உலர்ந்து போகும்? நெற்றியில் எழுதியதா நான்கு திங்கள் பயணத்தில் அழிந்து போகும்? சாதிக்கு வேர் உடலில் இல்லை. ஊரமைப்பிலே இருக்கிறது, உண்ணும் முறையிலே இருக்கிறது, மண ஏற்பாட்டிலே இருக்கிறது. அவை கலைந்தன, சாதியும் கலைந்தது.

ஒரு சான்று சொல்வோம். கயானாவின் காளி கோயில்களிலே இன்றும் மாரியம்மனையும் மதுரை வீரனையும் வணங்குகின்றனர். மொழி மறந்த பின்னும் பொருள் புரியாமல் தமிழ்ப் பாடல்களைப் பாடுகின்றனர். அங்கே முழங்கும் கருவி தப்பு. ஆம், நம் ஊரிலே எந்தத் தோல் கருவியைத் தொட்டவனை ஊருக்கு வெளியே நிறுத்தினோமோ, அந்தத் தப்பு! அங்கே அதைத் தொடுவது இழிவன்று, சிறப்பு. தெய்வத்தையோ குறி கேட்பதையோ நாம் போற்றவில்லை; அது வேறு வழக்கு. ஒரே கருவி ஒரு கரையில் இழிவும் மறுகரையில் மதிப்பும் பெறுகிறதென்றால், இழிவு தோலிலும் இல்லை, தொட்டவன் கையிலும் இல்லை, பார்ப்பவன் கண்ணிலே இருக்கிறது என்பதை மட்டுமே சுட்டுகிறோம்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், ‘அனைவரையும் கப்பலேற்றுங்கள், சாதி ஒழியும்’ என்று கூறி நாமும் எழுதுகோலைக் கீழே வைத்திருப்போம். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

முதலாவதாக, சாதி முழுதும் சாகவில்லை. பயனிருந்த மூலையிலே பதுங்கிக்கொண்டது. சமைப்பதிலும் உழைப்பதிலும் மணப்பதிலும் மறைந்த பிறப்புரிமை, புரோகிதத்திலே தங்கியது. பூசைக்கு அழைக்கப்படும் பண்டிதர் பிராமண மரபினராக இருப்பதே நெடுங்காலம் வழக்கமாயிற்று. அதை ஆரிய சமாசத்தார் அங்கேயும் எதிர்த்து வாதாட நேர்ந்தது. சென்னையிலிருந்து சென்றவரையோ வடநாட்டார் ‘மதராசி’ என்று தனி இனமாக்கி, கறுப்பர், கள்ளருந்துவோர், ஆடு கோழி பலியிடுவோர் என்று தாழ்வாகப் பேசினர். பழைய ஏணியின் படிகள் உடைந்தன; ஏணி வேண்டும் என்ற எண்ணம் உடையவில்லை.

இரண்டாவது, இதனினும் கொடிது. தமக்குள் சாதியைக் கைவிட்ட அதே மக்கள், பக்கத்து வயலிலே நின்ற ஆப்பிரிக்கனைத் தம்மவனாக ஏற்கவில்லை. அவனும் இவர்களை ஏற்கவில்லை. அவனுக்கு இவர்கள் கூலியைக் குறைக்க வந்த கூட்டம். 1842இலும் 1848இலும் விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தனர்; 1848இல், வெளியிலிருந்து கொணரப்பட்ட ஆட்களைக் கொண்டே தோட்டத்தார் தோட்டத்தை ஓட்டினர். இவர்களுக்கோ அவன் முரடன், சோம்பேறி. அப்படித்தான் முதலாளி கற்பித்தான். ஒருவரையொருவர் அறியாமலே ஒருவரையொருவர் வெறுத்தனர். வெறுப்பின் விளைச்சலை அறுவடை செய்தவன் கரும்புக்கு உரியவன்.

ஒன்றுபட்ட நாட்களும் உண்டு. 1924 ஏப்ரலில் ஆப்பிரிக்கத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் சேர்ந்து ஜார்ஜ்டவுன் நகரை நோக்கி நடந்தனர். ரூயிம்வெல்ட் என்னுமிடத்திலே துப்பாக்கி முழங்கியது. 13 பேர் மாண்டனர். 1953இல் இந்திய மரபினரான செட்டி ஜகனும் ஆப்பிரிக்க மரபினரான ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமும் ஒரே கட்சியில் நின்று தேர்தலில் வென்றனர். அந்த அரசை 133 நாளிலே லண்டன் கலைத்தது. 1955இல் கட்சி பிளந்தது. பிளவு இனத்தின் வழியே வேர்விட்டது. 1964இல் வீடுகள் எரிந்தன. அண்டை வீட்டார் அகதிகளாயினர். இரு பக்கமும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ‘ஒரே மக்கள், ஒரே நாடு, ஒரே எதிர்காலம்’ என்ற குறிக்கோளைப் பொறித்துக்கொண்டு 1966 மே 26இல் விடுதலை பெற்றது கயானா. 2012 கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு 40 பேர் இந்தியர், 29 பேர் ஆப்பிரிக்கர், 20 பேர் கலப்பினத்தார், 10 பேருக்குச் சற்று மேல் தொல்குடியினர். குறிக்கோள் அழகானது. ஆயினும் 2020 மார்ச்சில் நடந்த தேர்தலின் முடிவை அறிவிக்க ஐந்து திங்கள் ஆயிற்று. அச்சத்தின் அடியிலே பழைய பிளவே கிடந்தது.

இங்கே நம் கேள்விக்குத் திரும்புவோம்.

‘எப்படி வந்தாலென்ன, சாதி போனது நன்மைதானே? கட்டாயம் பழக்கமாகும், பழக்கம் பண்பாகும்’ என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. பேருந்திலே அடுத்தடுத்து அமர்வதையும், உணவு விடுதியிலே ஒரே குவளையில் பருகுவதையும் சட்டமும் தேவையுமே நமக்குப் பழக்கின. அப்பழக்கம் வேண்டாமென்று யார் சொல்வர்?

ஆனால் பழக்கத்துக்கு ஒரு குறை உண்டு. அது பழகிய ஆளிடம் நிற்கும். அடுத்த ஆளிடம் செல்லாது. கப்பலிலே உடன் வந்தவனைத் தம்பி என்று ஏற்றவர், கரையிலே நின்றவனை அவ்வாறு ஏற்காததன் காரணம் என்ன? சாதி அவர்களிடமிருந்து நழுவிற்றே தவிர, அவர்கள் அதை ஆராய்ந்து எறியவில்லை. ‘பிறப்பைக் கொண்டு மனிதனை அளப்பது தவறு’ என்று எண்ணிக் கைவிட்டிருந்தால், அதே எண்ணம் ஆப்பிரிக்கனையும் அணைத்திருக்கும். ‘வேறு வழியில்லை’ என்று விட்டவனுக்கு, வேறு வழி கிடைத்ததும் வேறொரு வேலி கிடைத்துவிடுகிறது. கடல் சாதியைக் கரைக்கலாம். சாதிப் புத்தியைக் கரைக்கப் பகுத்தறிவு வேண்டும்.

கயானாவைக் குறை கூறுவதற்காக இதை நாம் எழுதவில்லை. அந்தத் தகுதி நமக்கு இல்லை. 1921இல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது நடந்ததை நினைவிற்கொள்வீர். ஆலைக்குள்ளே ஒரே நூலை நூற்றவர்கள், வெளியே சாதி இந்துக்கள் என்றும் ஆதி திராவிடர் என்றும் பிரிந்தனர், புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன, வேலைநிறுத்தம் முறிந்தது. அதற்குக் கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றோ? எர்ணாவூரிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஒப்பந்தக் கூலிகளாகப் புதிய முகங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் தகரக் கொட்டகையிலே பத்துப் பேராய்ப் படுத்துறங்குகின்றனர். கயானாவுக்குக் கூலிகளை ஏற்றுமதி செய்த அதே பீகாரிலிருந்து, இன்று கப்பலுக்குப் பதில் இரயிலிலே வருகின்றனர்! குறைந்த கூலிக்கு அவர்களைக் கொணர்ந்தவர் யார், அதனால் பயன் பெறுபவர் யார் என்று கேட்க வேண்டிய நாம், தேநீர்க் கடையிலே அவன் காதுபடவே ‘வடக்கன்’ என்று ஏளனம் பேசுகிறோம். சாதி மறுப்புத் திருமணத்தை மேடையில் வாழ்த்திய தோழர்களின் வாயிலிருந்தும் அச்சொல் வரக் கேட்டிருக்கிறோம். நம் வாயிலிருந்தே வந்ததும் உண்டு, மறைப்பானேன்? வடமொழி ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு. வயிற்றுக்கு வந்தவனை இழிப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறந்த அன்று, 1838இல் தோட்டத்தான் எழுதிய நாடகத்தை நாமே எர்ணாவூரிலே நடித்தவராவோம்.

சட்டம் வேண்டும், சம கூலி வேண்டும், சங்கத்திலே அவனுக்கும் இடம் வேண்டும். இவை ஒருபுறம். மறுபுறம், நம் உள்ளத்திலே ஒரு சோதனை வேண்டும். நம் சமத்துவம் நம் வரிசையில் நிற்பவனோடு முடிகிறதா, வரிசைக்கு வெளியே நிற்பவனையும் அழைக்கிறதா? வெள்ளத்தில் மட்டும் விளைகிறதா, வெயிலிலும் நிற்கிறதா?

அந்தப் பெண்ணின் தந்தை இன்னும் விடை கூறவில்லை. மறுபடியும் அவரிடம் செல்வதாயிருக்கிறோம். இம்முறை வெள்ளத்தை நினைவூட்டப் போவதில்லை. “அன்று வேறு வழி இல்லை, ஒப்புக்கொள்கிறோம் ஐயா. இன்று வழிகள் இருக்கின்றன. இருக்கும் வழிகளுள் எது நேர்மையானது என்பதைத் தாங்களே சிந்தித்துச் சொல்லுங்கள்” என்று கேட்கப் போகிறோம். செல்லும் வழியிலே, தகரக் கொட்டகையின் வாயிலில் அமர்ந்திருக்கும் இளைஞனிடம் பெயர் கேட்டுவிட்டுச் செல்லவும் எண்ணியிருக்கிறோம். இத்தனை நாள் அவன் பெயரை நாம் கேட்டதில்லை.