பிறந்த மரமும் வந்த மரமும்

சிவமயம்



சிவபெருமானை வழிபடுவார்க்கு இலையும் பூவும் நீரும் இன்றியமையாதன. 16-ஆம் நூற்றாண்டிலே திருவாரூரில் விளங்கிய கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என்னும் பெயரால் தனி நூலொன்றே இயற்றியருளினார் என்றால், நம் முன்னோர் இத்துறையை எத்துணை நுணுகி ஆராய்ந்தனர் என்பது சொல்லாமலே விளங்கும். அவர் காலத்திற்குப் பின்னர்க் கடல் கடந்து வந்த மரஞ்செடிகள் பல, இன்று நம் திருக்கோயில் நந்தவனங்களில் வேரூன்றி நிற்கின்றன. அவற்றைக் குறித்து நம்மவருள் இருவேறு கொள்கைகள் வழங்குகின்றன. பிற தேயத்துப் பூப் பெருமான் திருமுடிக்கு ஆகாது என்பார் ஒருசாரார். பூத்ததெல்லாம் பெருமானுக்கே உரியது, ஆராய்ச்சி வேண்டா என்பார் மற்றொருசாரார். இவ்விரண்டும் சித்தாந்தத்தோடு பொருந்துமா என்பதை, வெப்பநாடாகிய ஈழத்தின் மரஞ்செடிகளை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஈழநாடு பரப்பிற் சிறியது; ஆயினும் பசுமையாற் பெரியது. தெற்கிலும் மேற்கிலும் மழை மிகுந்த காடுகள். நடுவே குளிர்ந்த மலைகள். வடக்கிலும் கிழக்கிலும் வறண்ட நிலம். இவற்றிலே இயல்பாக வளரும் பூக்குந் தாவர வகை 3,000-க்கு மேற்படுமென்றும், அவற்றுள் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயல்பாகக் காணப்பெறாதன என்றும் தாவரநூலார் கணக்கிட்டுள்ளனர். வறள்நிலக் காடுகளில் பாலையும் முதிரையும் கருங்காலியும் ஓங்கி நிற்கின்றன. கோயில் விளக்குக்கு நெய் தந்த இலுப்பை அங்கே உண்டு. கோடை பிறந்தால் இலை உதிர்த்துப் பொன்மாலை தூக்கும் கொன்றை அங்கே உண்டு. கடலோரத்திலே புன்னையும் தாழையும் உண்டு. திருஞானசம்பந்தர் பாடியருளிய திருக்கோணமலைக்குக் கல்லால மரமும், அவரும் சுந்தரரும் பாடியருளிய திருக்கேதீச்சரத்திற்கு வன்னி மரமும் தலமரங்களாகப் போற்றப்பெறுகின்றன.

இனி, வந்தவற்றைக் காண்போம். போர்த்துக்கேயர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவிற்கு வந்தனர். அவர்க்குப் பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்தனர். இவர்தம் கப்பல்வழித் தொடர்பால் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் கீழைநாடுகளிற் பரவின. இன்று நாம் நாடோறும் உண்ணும் மிளகாய், முந்திரி, பப்பாளி, கொய்யா, அன்னாசி, மரவள்ளி ஆகிய யாவும் அவ்வாறு வந்தனவே. 1821-இல் பேராதனையில் ஆங்கிலேயர் நிறுவிய தாவரத் தோட்டத்தின் வாயிலாகவும் பல்வகை மரஞ்செடிகள் நாட்டினுட் புகுந்தன. 1876-இல் அமேசான் காட்டு இரப்பர் விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குச் சென்று முளைத்து, அவற்றின் நாற்றுக்கள் அவ்வாண்டிலேயே ஈழத்தை அடைந்தன.

வந்தவை உணவுக்கும் வாணிகத்திற்கும் மட்டும் பயன்பட்டு நின்றனவல்ல; கோயிலினுள்ளும் புகுந்தன. ஈழத்தலரி என்னும் பெயரை நோக்குக. ஈழத்திலிருந்து வந்த அலரி என்று தமிழர் அதற்குப் பெயரிட்டனர். அதன் தாயகமோ மெக்சிகோ முதலிய நடு அமெரிக்க நாடுகளும் அவற்றையடுத்த தீவுகளுமாம். நாகலிங்கப்பூவையும் நோக்குக. தென் அமெரிக்காவின் வடபாகத்துக் காடுகளே அம்மரத்தின் தாயகம். அடிமரத்திலேயே கிளைத்துப் பூக்கும் அதன் மலரினுள்ளே சிறியதோர் இலிங்க வடிவும், அதன்மேற் கவிந்து நிற்கும் பாம்பின் படம் போன்றதோர் உறுப்பும் காணப்படுதலின், நம்மவர் அதனைச் சிவாலயங்களில் நட்டு வளர்த்தனர். ஈழத்துப் பௌத்தரும் அம்மரத்தையே புத்தர் வரலாற்றில் வரும் சால மரமெனக் கொண்டு விகாரைகளில் நட்டனர். உண்மைச் சால மரம் வட இந்தியக் காடுகட்கு உரிய பிறிதொன்று. ஒரு மரம், அதுவும் அயல் மரம். இரு சமயத்தாரும் அதில் தத்தம் புனித அடையாளத்தைக் கண்டனர். அன்புடைய கண் தான் தேடுவதை எங்கும் காணும் என்பதற்கு இது சான்றாம்.

ஈண்டு ஒருவர் தடை நிகழ்த்துவார்: "ஆகமம் விதித்த மலர்கள் நம் நாட்டு மலர்களே. அவற்றை விடுத்து அயல்மலர் சாத்துதல் விதிவழு ஆகாதோ?" எனின், கூறுதும்.

நம் நூல்கள் மலர்களைக் கொள்ளவும் தள்ளவும் கண்ட அளவுகோல் பிறந்த மண் அன்று. தாழை இம்மண்ணிலேயே பிறந்தது, மணமும் மிக்கது, எனினும் சிவபூசைக்குப் பொதுவாக விலக்கப்பட்டது. ஊமத்தையோ நச்சுச்செடி, அதனைப் பெருமான் உவந்து சூடுகின்றான். அவ்வூமத்தையின் இனத்தைத் தாவரநூலார் ஆராய்ந்து, அதன் தாயகம் அமெரிக்கக் கண்டமே என்று பெரும்பாலும் கருதுகின்றனர். நாம் பூசையிற் கொள்ளும் ஊமத்தை, கொலம்பசு கடல் கடப்பதற்குப் பன்னூற்றாண்டுகட்கு முன்னரே இந்தியாவை அடைந்திருத்தல் வேண்டும் என்று 2007-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி பழைய நூற்சான்றுகளைக் கொண்டு கூறுகின்றது. அங்ஙனமாயின், மண்ணிற் பிறந்த தாழை புறத்தே நிற்க, கடல் கடந்த ஊமத்தை திருமுடி ஏறிற்று என்க. பிறப்பிடம் நோக்குதல் பெருமான் திருவுள்ளம் அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இதனைச் சித்தாந்த முறையிலும் தெளிதல் வேண்டும். நம் நூல்கள் மலங்களைச் சகசம் என்றும் ஆகந்துகம் என்றும் பிரிக்கின்றன. ஆணவம் சகசம், செம்பிற் களிம்புபோல உயிரோடு உடனாய் நிற்பது. கன்மமும் மாயையும் ஆகந்துகம். அவையும் அனாதியே தொடர்புடையனவாயினும், ஆணவத்தை நீக்குதற்பொருட்டு வந்து கூடுதல் பற்றி அப்பெயர் பெற்றன. அழுக்கேறிய ஆடையில் வண்ணான் உவர்மண்ணை ஏற்றி, அதனால் பழைய அழுக்கைப் போக்கி, பின் அவ்வுவரையும் போக்குவான். அதுபோல இறைவன் தனுகரண புவன போகங்களை உயிர்க்குக் கூட்டி, அவற்றால் இயற்கை மலத்தின் வலியைத் தேய்க்கின்றான். இதனால் நாம் பெறும் உண்மை யாது? உடன்பிறந்தது என்பதனாலேயே ஒன்று நலமுடையதாகாது. ஆணவத்தினும் உடன்பிறந்தது பிறிதில்லை. பின் வந்தது என்பதனாலேயே ஒன்று தீயதாகாது. மாயையின் காரியமாகிய இவ்வுடம்பு வந்ததனாலன்றோ நாம் திருக்கோயில் வலம் வருகின்றோம்! எனினும், வந்து உதவியதும் நிலையாகப் பற்றி நிற்றற்குரியதன்று. அளவு கடப்பின் அதுவும் கட்டே.

இந்த இறுதிக் கருத்தை மறந்தவர், பூத்ததெல்லாம் பெருமானுக்கே என்னும் மற்றைச் சாரார். அவர்க்கு ஆகாயத்தாமரையைக் காட்டுவோம். தென் அமெரிக்க நீர்நிலைகட்குரிய இச்செடி, தன் ஊதாப்பூவின் அழகு நோக்கி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈழத்திற்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது நீர்நிலைகளை மூடிப் பரவவே, அதனை ஒழித்தற்கென்றே 1909-இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. இன்றளவும் அது முற்றும் ஒழிந்திலது. அதன் இலைப்பரப்பு நீரின் முகத்தை மூடுகின்றது; கதிரவன் ஒளி கீழே செல்லாது; நீருள் உயிர்ப்பு குன்றுகின்றது; மீன் மடிகின்றது; உண்மைத் தாமரைக்கு இடமில்லையாகின்றது. தாமரை என்னும் பெயரைத் தான் கொண்டு, தாமரையை அழிப்பது அது.

வன்னிக்கும் இத்தகைய போலி ஒன்று உண்டு. சீமைக்கருவேல் என வழங்கும் அமெரிக்க முள்மரத்தையும் நம் வன்னியையும் தாவரநூலார் நெடுங்காலம் ஒரே பேரினத்துள் வைத்து எண்ணினர். 2022-இலேதான் அம்முள்மரத்தை வேறு பேரினமாகப் பிரித்தனர். உருவால் உறவு போன்றவை இவை, செயலால் வேறு. வன்னி வறண்ட நிலத்தில் தன்னைச் சூழ்ந்த பயிர்க்கு இடந்தந்து, நிழலும் தழையும் உதவி நிற்கும். சீமைக்கருவேலோ தன்னைச் சூழ்ந்த யாவற்றையும் நெருக்கித் தானே நிற்கும். ஈழத்தின் தென்கோடியில் அம்பாந்தோட்டைப் பகுதியின் உவர்நிலத்தைத் திருத்துதற்கு 1950-களில் கொணர்ந்து நட்ட அம்மரம், இன்று நீர்ப்பறவைகளுக்குப் புகலிடமான புந்தல வனத்தைப் பற்றிப் பரந்து பெருந்தொல்லை விளைக்கின்றது. தமிழகத்து இராமநாதபுர நாட்டார்க்கு அதன் கொடுமையை யாம் எடுத்துரைத்தல் மிகை.

ஆகவே, வந்த மரத்தை ஆராயும் அளவுகோல் ஒன்றே. அது வந்த நிலத்திற்கு அடங்கி நிற்கின்றதா, நிலத்தைத் தனக்கு அடக்குகின்றதா என்று நோக்குக. நாகலிங்கமும் ஈழத்தலரியும் நட்ட இடத்தில் நின்று பூத்தன; பிற உயிரின் இடத்தைக் கவர்ந்தில. ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலும் யாவும் எனது என்று பரந்தன. யான் எனது என்னும் செருக்கு மரத்திற்கு இல்லை. அவற்றின் பரவலுக்கு வழி திறந்தது மனிதரின் ஆசையே. அழகென்றும் பயனென்றும் அவாவி, வருவது அறியாது கொணர்ந்தது நம் அறிவை மறைத்த மலமன்றோ!

இவ்விடத்தில் ஒன்றை உரையாது செல்லுதல் அறமாகாது. ஈழத்து மலைகளில் ஆங்கிலேயர் முதலிற் பெருக்கிய பயிர் காப்பி. 1869-இல் காணப்பட்ட இலைநோய் அதனைப் பாழ்படுத்திற்று. 1867-இல் ஜேம்சு தெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. காப்பியும் தேயிலையும் வந்த மரங்களே. அவற்றை நட்டு வளர்த்தற்கு வந்தவர் தமிழகத்து ஏழை மக்கள். அவர் காடு திருத்தினர், கொழுந்து பறித்தனர், தம் வறுமையிடையும் தோட்டந்தோறும் கோயில் எடுத்தனர். காலப்போக்கில் அத்தேயிலை ஈழத்தின் பெயராலேயே உலகெங்கும் புகழ்பெற்றது. அதனை அயல் என்பார் எவருமிலர். நட்டவர் வழிவந்தவரோ அயலாராக எண்ணப்பெற்றனர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவருள் மிகப் பலர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இலேதான் பிறந்தது. செடிக்கு ஒரு நீதியும் செடி நட்ட உயிர்க்கு மற்றொரு நீதியுமோ? மலைநாட்டு அடியாரை வந்தவர் என்று ஒதுக்கும் சொல் சைவர் வாயிலும் சில வேளை எழுந்ததுண்டு. சிவனடியார்க்குச் சிவனடியார் என்பதன்றி வேறு ஊரும் பேரும் இல்லை என்னும் நம் நெறியின் முன் அச்சொல் நிற்குமா என்பதை நெஞ்சில் வைத்து ஆராய்க.

இனி, நந்தவனத்தையும் கோயில் நிலத்தையும் காக்கும் பொறுப்புடையார்க்குச் சில கூறி அமைவோம்.

எழுவகைப் பிறப்பின் எண்பத்துநான்கு நூறாயிர யோனி பேதத்துள் தாவரம் பத்தொன்பது நூறாயிரம் என்பர். ஏனைப் பிறப்புக்கள் ஆறினும் இதுவே மிக்கது. ஆதலின், மரம் உயிரில்லாத பொருளன்று. வினைப்பயனை நுகர்ந்து நிற்கும் ஓருயிரின் உடம்பே. தலமரம் முதிர்ந்து பட்டுப்போவதன் முன்னரே அதன் விதையோ பதியமோ கொண்டு கன்று வளர்த்தல் வேண்டும். திருப்பணியின்போது கருங்கற் பாவுதற்கு வேரை வெட்டுதலும், மதிலுக்காக மரத்தை வீழ்த்துதலும் பழியாம். கொன்றையும் புன்னையும் இலுப்பையும் காட்டில் அருகிவரும் இந்நாளில், கோயில் நிலமே அவற்றின் புகலிடமாதல் தக்கது. வந்தவற்றுள் அடங்கி நிற்பனவற்றை அன்போடு பேணுக. விதியில் கூறப்பெற்ற பத்திரபுட்பங்களுக்கு முதலிடம் தந்து, அவற்றின் மலர்களையும் ஏற்குமிடத்துக் கொள்ளுக. தீர்த்தத்தை மூடும் ஆகாயத்தாமரையையும் நிலத்தைப் பற்றும் முள்மரத்தையும் அகற்றுதல் கொலையாகாது. பல்லுயிர் வாழ ஓர் இடர் நீக்கும் மருத்துவன் செயலே ஆகும். அகற்றிய இடத்தை வெறுமையாக விடாது வில்வமும் கொன்றையும் நடுக. விடின், அகற்றியதே மீண்டும் வரும். மலம் நீங்கிய இடத்தில் சிவஞானம் பதியாவிடின் வாசனை மீளத் தாக்குதல் போல என்க.

உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. கடல் கடந்து வந்த மரமும் திருக்கோயிலைச் சார்ந்து திருப்பள்ளித்தாமம் ஆயிற்று. இம்மண்ணிலே பிறந்தும், திருநீறு அணிந்தும், திருவடியைச் சாராது நிற்போமாயின், நாம் நந்தவனத்தினுள்ளே முளைத்த களைகளே ஆவோம். எங்கிருந்து வந்தாய் என்று பெருமான் எந்தப் பூவையும் வினாவுவதில்லை. யாரைச் சார்ந்தாய் என்பதே அவன் வினா. அவ்வினாவிற்கு விடையாகும் வாழ்வை நமக்கெல்லாம் அவன் திருவருள் கூட்டுக.

திருச்சிற்றம்பலம்