கேட்டது மட்டும் போதுமா?



மனப்பாரத்தோடு ஒரு குருவானவரிடமோ ஆற்றுப்படுத்துநரிடமோ போகிறீர்கள். மனம் திறந்து பேசுகிறீர்கள். வேதவாக்கியம் ஒன்றைக் கேட்டு ஆறுதலோடு திரும்புகிறீர்கள். படலையைத் திறந்ததும் அதே வீடு, அதே மனிதர், அதே கோபம். கேட்ட ஆறுதல் எங்கே போயிற்று?

இக்கேள்வியை ஆழமாக எடுத்துக்கொண்டவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பிரஸ்பிற்றேரியன் போதகரான ஜே அடம்ஸ். 1970இல் அவர் வெளியிட்ட நூல், புரட்டஸ்தாந்து சபைகளிடையே வேதாகம ஆற்றுப்படுத்தல் முறைக்கு வழிதிறந்தது. அம்முறையில், தேடி வருபவருக்கு அடுத்த சந்திப்புக்குள் செய்யவேண்டிய வீட்டுப்பாடம் ஒன்று கொடுக்கப்படும். குறித்த வேதபகுதியை வாசித்துத் தன் நிலையோடு ஒப்பிட்டு எழுதுதல், எப்போது எதனால் கோபம் வந்தது எனக் குறித்து வைத்தல், மனம் புண்பட்டவரிடம் போய் மன்னிப்புக் கேட்டல் என அது அமையும். பழைய மனிதனைக் களைந்து புதிய மனிதனை அணியுமாறு புனித பவுல் எபேசியருக்கு எழுதிய போதனையே இதற்கு அடிப்படை. தீய பழக்கத்தை விடுவது பாதி வேலை. அதன் இடத்தில் நற்பழக்கம் ஒன்றை ஊன்றுவதே மறுபாதி. அது பேச்சில் நடப்பதன்று, வீட்டில் நடப்பது.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமன்று. பாவசங்கீர்த்தனம் ஆற்றுப்படுத்தல் அன்று. அது தேவதிரவிய அனுமானம். ஆயினும் அங்கும் அபராதம் கட்டளையிடப்படுகிறது. பாவத்தின் தன்மைக்கும் பாவியின் வலுவுக்கும் ஏற்றவாறு அதனை விதிக்கவேண்டும் எனத் திரெந்து பொதுச்சங்கம் 1551இலேயே போதித்தது. நாமோ கோயில் வாசலைத் தாண்டுமுன்பே மூன்று அருள்நிறை மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டு, பேசாதிருக்கும் சகோதரனின் வீட்டைப் பேசாமலே கடந்து போகிறோம்!

“தேவகிருபை இலவசமல்லவா? பிறகேன் வேலை?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பத்துக் குஷ்டரோகிகளை நினைத்துப் பாருங்கள். குருக்களிடம் போய்த் தங்களைக் காட்டும்படி யேசு அவர்களை அனுப்பினார். போகும் வழியிலேயே அவர்கள் சுகமடைந்தார்கள். அந்த நடை சுகத்துக்குக் கொடுத்த விலையன்று. அவர்களது விசுவாசம் எடுத்துவைத்த அடி. வீட்டுப்பாடமும் அத்தகையதே. அதைச் செய்து மன்னிப்பைச் சம்பாதிப்பதில்லை. பெற்ற மன்னிப்பில் நடக்கப் பழகுகிறோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எல்லோருக்கும் ஒரே பாடம் பொருந்தாது. கணவனிடம் அடிவாங்கும் மனைவிக்கு, “பொறுமையைப் பற்றிய வசனங்களைப் படித்து வா, உன் குறைகளை எழுதி வா” என்று பணித்தால், அது ஆற்றுப்படுத்தலன்று, இரண்டாவது அடி. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. பாடம் அடிப்பவனுக்கே உரியது. அவ்வாறே, துயரத்தால் படுக்கையைவிட்டு எழ முடியாதவருக்கு நீண்ட வாசிப்பு மேலும் ஒரு சுமை. மருத்துவர் தேவைப்படும் இடத்தில் அவரிடம் அனுப்புவதே நல்ல பாடம். கொடுத்ததைச் செய்யாமல் வருபவரைக் கடிந்துகொள்ளுமுன், அவருக்கு மனமில்லையா, வலுவில்லையா என்று விசாரிப்பதும் கடமை. பாடம் கொடுப்பவர் அதன் பாரத்தில் பங்குகொள்ளவும் கடமைப்பட்டவர்.

பெற்றோரே, பிள்ளையின் கொப்பியை மாலைதோறும் திறந்து பார்க்கிறோம். நம் கொப்பியை யார் பார்ப்பது? கடந்த ஞாயிறு கேட்ட பிரசங்கத்திலிருந்து சிறிய ஒரு செயலைத் தெரிந்தெடுங்கள். யாரிடம், எந்த நாளில் என்று எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்குப் புறப்படுமுன் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். செய்யாவிட்டால், ஏன் செய்யவில்லை என்பதே ஆண்டவரோடு பேசவேண்டிய அடுத்த பாடம்.