சங்கிலியும் சாவியும்

மடோனாவின் இசைக் காணொளிகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1989இல் வெளிவந்த ‘எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்’. ஃபிரிட்ஸ் லாங் 1927இல் எடுத்த ‘மெட்ரோபொலிஸ்’ படத்தின் நகரத்தை மனத்தில் வைத்து டேவிட் ஃபின்ச்சர் அதை இயக்கினார். மேலே மாளிகை. கீழே நீராவிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் ஆண் தொழிலாளர்கள். மாளிகையில் இருக்கும் பெண்ணாக மடோனா வருகிறார். ஒரு காட்சியில் ஆண்களின் கோட்டும் கால்சட்டையும் அணிந்து, ஒற்றைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடுகிறாள் அந்தப் பெண். இன்னொன்றில் பூனையைப் போலத் தரையில் தவழ்ந்து கிண்ணத்துப் பாலை நக்குகிறாள். வேறொன்றில் கழுத்தில் பட்டையும் சங்கிலியுமாகக் கட்டிலில் கிடக்கிறாள். பாட்டோ, காதலில் இரண்டாம் தரத்தோடு சமாதானம் ஆகிவிடாதீர்கள் என்று பெண்களைப் பார்த்துச் சொல்கிறது.

இந்தச் சங்கிலி அப்போதே பலரை உறுத்தியது. 1990 டிசம்பரில், ‘ஜஸ்டிஃபை மை லவ்’ காணொளியை ஒளிபரப்ப எம்டிவி மறுத்ததையொட்டி, ஏபிசி தொலைக்காட்சியின் ‘நைட்லைன்’ நிகழ்ச்சியில் மடோனாவிடம் சங்கிலியைப் பற்றியும் கேட்டார்கள். அதை எந்த ஆணும் தனக்குப் பூட்டவில்லை, தானே பூட்டிக்கொண்டது என்றார் அவர். அதே மாதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் கமில் பாலியா, மடோனாதான் உண்மையான பெண்ணியவாதி என்று எழுதினார். பெண்மையையும் காமத்தையும் விட்டுக்கொடுக்காமலேயே தன் வாழ்க்கையைத் தன் பிடியில் வைத்திருக்க முடியும் என்று இளம் பெண்களுக்குக் காட்டியவர் மடோனா என்பது அவருடைய வாதம்.

மடோனாவின் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பத்தாண்டின் ராக் காணொளிகள் பலவற்றில் பெண் என்பவள் காருக்கும் கிதாருக்கும் பக்கத்தில் வைக்கப்பட்ட இன்னொரு பொருள். தன் உடல் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்த ஒரு பெண், அந்தத் தீர்மானம் என்னுடையது என்று தொலைக்காட்சியில் உரக்கச் சொல்வது சின்ன விஷயம் அல்ல. ஆனால் ‘பூட்டியது யார்?’ என்ற கேள்விக்கு மட்டுமே அது பதில். கழற்ற முடியுமா என்பது வேறு கேள்வி. படப்பிடிப்பு முடிந்ததும் மடோனாவால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தது. சாவி அவர் கையில் இருந்ததால்தான் சங்கிலி அங்கே ஒரு ஒப்பனைப் பொருளாக இருந்தது.

சாவி யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைக் கூர்மையாகக் கேட்டவர் பெல் ஹூக்ஸ். 1992இல் வந்த ‘பிளாக் லுக்ஸ்’ நூலில் மடோனாவைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. கறுப்பினப் பெண்களை இனவெறிப் பண்பாடு எப்போதுமே ‘கெட்டுப்போனவர்கள்’ என்றுதான் சித்திரித்து வந்திருக்கிறது; ஆகவே துணிந்து கெட்டவளாகும் அப்பாவிப் பெண் என்ற வேடத்தை மடோனா போடுவது போல அவர்களால் ஒருநாளும் போட முடியாது என்கிறார் ஹூக்ஸ். மீறுவதற்கே முதலில் ஒரு நற்பெயர் வேண்டியிருக்கிறது. அந்த நற்பெயர் பிறப்பிலேயே மறுக்கப்பட்டவளுக்குச் சங்கிலி விளையாட்டாக இருக்க முடியாது.

அப்படியானால் சாவி உள்ளவர்கள் விளையாடவே கூடாதா? நான் அப்படி நினைக்கவில்லை. மடோனா சங்கிலி அணியாமல் இருந்திருந்தால் அதனால் எந்தப் பெண்ணுக்கும் விடுதலை கிடைத்திருக்காது. ஆபத்து, அவருடைய பதிலை எல்லாப் பெண்களுக்குமான பதிலாக ஆக்குவதில் இருக்கிறது. ‘நானே பூட்டிக்கொண்டேன்’ என்று ஒருத்தி தன்னைப் பற்றிச் சொன்னால் அது உரிமைக்குரல். அதையே முன்னிலைக்கு மாற்றி, ‘நீயேதானே பூட்டிக்கொண்டாய்’ என்று இன்னொருவர் அவளிடம் சொன்னால் அது தீர்ப்பு. நீ விரும்பிச் செய்த கல்யாணம்தானே, நீ தேடிப்போன வேலைதானே, நீயாகப் போட்ட படம்தானே. அவளுடைய சம்மதமே அவள் வாயை அடைக்கும் துணியாகிவிடுகிறது.

மடோனாவின் வேறு இரண்டு காணொளிகள் இந்தக் கேள்வியை அவருடைய பேட்டியைவிட நன்றாக யோசிக்கின்றன. இரண்டும் 1986இல் வந்தவை. ‘பாப்பா டோன்ட் பிரீச்’ காணொளியில் கல்யாணமாகாமல் கர்ப்பமான ஓர் இளம்பெண், குழந்தையைப் பெற்றுக்கொள்ளப் போவதாகத் தகப்பனிடம் சொல்கிறாள். கருக்கலைப்பை எதிர்ப்பவர்களில் சிலர் அதைப் பாராட்டினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக உழைத்தவர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். இரு தரப்பும் அவள் என்ன முடிவு எடுத்தாள் என்பதையே பார்த்தன. காணொளியோ, முடிவைச் சொன்ன பிறகு வீட்டுக்குள் இறங்கும் மௌனத்தைக் காட்டுகிறது. கடைசியில் டேனி அயெல்லோ நடித்த அந்தத் தகப்பன் மகளை அணைத்துக்கொள்கிறார். அணைக்காமல் கதவைச் சாத்தியிருந்தாலும் முடிவு அவளுடையதுதான். ஆனால் அதற்கு அவள் கொடுக்க வேண்டிய விலை வேறு. தேர்வு நம்முடையதாக இருக்கும்போதும் அதன் விலையைப் பெரும்பாலும் மற்றவர்களே நிர்ணயிக்கிறார்கள்.

‘ஓப்பன் யுவர் ஹார்ட்’டில், காசு கொடுத்துச் சிறு அறைகளுக்குள் உட்கார்ந்து பார்க்கும் ஆண்களுக்கு முன்னால் அவள் ஆடுகிறாள். ஜான் பாப்டிஸ்ட் மோந்தினோவின் கேமரா, பார்க்கப்படும் பெண்ணோடு பார்ப்பவர்களையும் ஒவ்வொருவராகக் காட்டுகிறது. முடிவில் அவள் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, வாசலில் காத்திருந்த ஒரு சிறுவனோடு ஆடியபடியே தெருவில் போய்விடுகிறாள். முதலாளி பின்னால் ஓடிவந்து கூப்பிடுகிறார். அவள் திரும்பவில்லை. அந்த மேடையில் விரும்பி ஏறினாளா, வேறு வழியில்லாமல் ஏறினாளா என்பதைக் காணொளி சொல்வதில்லை. இறங்கிப் போக ஒரு வாசல் இருந்தது என்பதை மட்டும் காட்டுகிறது. அவளுடைய சுதந்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு அது உதவுகிறது.

வகுப்பில் இப்படிப்பட்ட ஒரு பேச்சு வரும்போது, ‘அது அவங்க விருப்பம் மேடம்’ என்று யாராவது ஒரு மாணவி முடித்துவைப்பதுண்டு. அவள் சொல்வதை நான் மறுப்பதில்லை. ஒரு பெண்ணின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று சொல்லக் கற்றுக்கொள்ளவே நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதோடு நின்றுவிடாமல், நாளை அவள் விருப்பம் மாறினால் எந்தக் கதவு வழியாக வெளியே வருவாள், வெளியே யார் நிற்பார்கள் என்று மட்டும் கேட்கிறேன்.