பெற்ற குலமும் வளர்த்த இல்லமும்



மகப்பேறு வாய்க்காத அன்பர் சிலர், பிறர் ஈன்ற மகவைத் தமதாக வளர்க்க விரும்பியும், "எவர் வயிற்றுப் பிள்ளையோ! குலத்தின் குணம் பின்னர் வெளிப்படுமே" என்றஞ்சிப் பின்வாங்குகின்றனர். அவ்வச்சம் தக்கதோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க தேசத்து அயோவா மாகாணத்தில் ஸ்கோடக், ஸ்கீல்ஸ் என்னும் உளநூலார் இருவர், கைக்குழவிப் பருவத்தே வளர்ப்பில்லம் புக்க 100 மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆய்ந்து, 1949-இல் முடிபு வெளியிட்டனர். ஈன்ற தாயருள் அளந்தறியப்பட்ட 63 பேரின் அறிவளவு சராசரி 86; மக்களினது 106. நல்லில்லத்தின் பயன் இதனாற் புலனாம். ஆயினும், அம்மக்களுள் மிக்கார் இவர், குறைந்தார் இவர் என்னும் வரிசையோ, ஈன்ற தாயரின் வரிசையை ஓரளவு தழுவியே நின்றது. ஆகவே வித்தும் மெய், நிலமும் மெய்.

இவ்விரண்டனோடு அமையாது, இவற்றைப் பெறும் உயிர் யாது என வினவுவது சித்தாந்தம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிரின் வினைக்கீடாக இறைவன் கூட்டுவன. பெற்றோர்வழி வருவன தனு கரணங்கள். வளர்த்தோர்வழி அமைவன புவன போகங்கள். உயிரோ இவற்றுள் ஒன்றுமன்று. சார்ந்ததன் வண்ணமாய் நின்று, மலபரிபாகம் எய்தற்குரியது. எனவே ஒரு மகவுக்கு வளர்ப்பில்லம் வாய்ப்பதும் திருவருட் செயலேயாம். ஏற்பவர் அவ்வருளுக்குக் கருவியாவர்.

திருநாவலூரிற் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் திருமகனாராய்த் தோன்றிய நம்பியாரூரரை, நரசிங்கமுனையரையர் வேண்டிப் பெற்று அரசத் திருவில் வளர்த்தனர். ஆயினும் பிறந்த மரபின் ஒழுக்கம் மறைக்கப்பட்டிலது. பெற்றோரை மறவாது வளர்த்தலே முறை என்பது இதனாற் பெறப்படும். நம் மடாலயங்களிற் குருமரபு தழைப்பதும் குருதிவழியாலன்று என்பது கருதத்தக்கது.

வேடரிடை வளர்ந்த மன்னன் மகனைச் சிவஞான சித்தியார் எட்டாஞ் சூத்திரம் உவமை காட்டும். அம்மகன் யாவன்? ஐம்புலன்களிடை வளர்ந்து தன்னை மறந்த நாமே. நம்மை ஆட்கொள்ள வரும் பரமாசாரியன் குலம் வினவுகின்றிலன். பழவினை கண்டு அருவருத்து நீங்குகின்றிலன். அவ்வாறு ஆட்கொள்ளப்படும் நாம், வாயிலில் நிற்கும் குழவியை நோக்கி, "யார் பெற்ற பிள்ளை?" என்று வினவுதல் தகுமோ?

திருச்சிற்றம்பலம்.