வழிப்போக்கரின் கை



அட்டன், நுவரெலியா தோட்ட லயங்களிலிருந்து நம் பிள்ளைகள் நோயாளரைப் பராமரிக்கக் கொழும்புக்குச் செல்கின்றனர். 1886-ம் ஆண்டு பிரான்சிஸ்கன் மரியாயின் மறைபரப்புக் கன்னியரும் கடல் கடந்து வந்து, அதே கொழும்பின் பெரியாஸ்பத்திரியில் பணிசெய்தனர். ஊரும் மொழியும் அவர்களுக்குப் புதிது.

லூக்கா 10-ம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் சமாரியனும் வழிப்போக்கனே. காயத்தைக் கட்டியவன், கிடந்தவனின் இனத்தைக் கேட்கவில்லை. இரவெல்லாம் விழித்து, சிங்களம் பேசும் முதியவரின் புண்ணைத் துடைக்கும் உங்கள் மகளும் அவ்வழியே நடக்கிறாள்.

பெற்றோரே, அவள் தொலைபேசியில் பேசும்போது உங்கள் முதற்கேள்வி சம்பளத்தைப் பற்றியதா? சமாரியன் நோயாளியைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான். பராமரிக்கும் உங்கள் மகளை நீங்கள் யாரிடம் ஒப்படைத்தீர்கள்?

இன்றிரவு செபமாலை முடிந்ததும் அவளை அழையுங்கள். "சாப்பிட்டியாம்மா? தூங்குனியா?" என்று முதலில் கேளுங்கள்.