கும்பிடாத கைக்கு ஒரு வாக்கு

தனக்கு முழுதாகப் பிடிக்காத ஒருவருக்கு, பிடிக்கவில்லை என்று தெரிந்தே வாக்களிப்பவரின் மனம் எப்படிக் கணக்குப் போடுகிறது? மரபில் பிடிப்புள்ள வாக்காளரிடம் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. 1967 தேர்தலையும் திருவண்ணாமலையையும் வைத்து இதை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் தேரடித் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணாமலையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறப்பார். கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி தெரியும்வரை விரதம் இருப்பார். சொத்துரிமை, குடும்ப ஆசாரம், மதுவிலக்கு மூன்றிலும் அசைக்க முடியாத பிடிப்பு. தி.மு.க. என்றாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். 1953இல் பிள்ளையார் சிலைகளை உடைத்த பெரியாரின் இயக்கத்திலிருந்து கிளைத்த கட்சி அல்லவா அது? அண்ணா 1949இல் தனிக்கட்சி கண்டு, ‘ஒன்றே குலம், ஒருவனே தேவன்’ என்ற திருமூலரின் வாக்கையே கொள்கையாகச் சொல்லி, சிலை உடைப்பிலிருந்து விலகி நின்றாலும் பெரியவரின் பழைய பயம் தெளியவில்லை.

இது மேல் அடுக்கு. இதோடு நிறுத்தினால் அவர் காங்கிரஸுக்கு வாக்களித்துவிட்டுக் கடைக்குத் திரும்பியிருப்பார். ஆனால் 1967இல் காங்கிரஸுக்காகப் பிரசாரம் செய்தவர் யார்? காமராஜரைப் பச்சைத் தமிழர் என்று கொண்டாடிய அதே பெரியார். கோயில் நிர்வாகத்தில் அரசின் பிடியை உறுதிப்படுத்திய 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டமும் காங்கிரஸ் ஆட்சியில் வந்ததுதான். அதே ஆண்டு ஜனவரியில் நாகபுரி மாநாட்டில் கூட்டுறவுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டதும் காங்கிரஸ். எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ். போதாக்குறைக்கு 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகள், அரிசித் தட்டுப்பாடு. நாத்திகத்தின் நிழல் இரு பக்கமும் விழுந்திருந்தது. ஆகவே கடவுள் நம்பிக்கையை மட்டும் அளவுகோலாக வைத்து அவரால் முடிவெடுக்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் ராஜாஜி வருகிறார். 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கிய அவர், 1967இல் தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்தார். அவருடைய கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடியவர்கள் தி.மு.க.வினர், அந்த எதிர்ப்புச் சூழலில்தான் 1954இல் அவர் முதல்வர் பதவியை விட்டார். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே. அப்படிப்பட்டவர், ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தி.மு.க.வுக்கு வாக்களியுங்கள் என்று பிராமணர்களிடம் சொன்னதாக இன்றும் பேசப்படுகிறது.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. எந்தக் கேட்டைப் பின்னால் சரிசெய்ய முடியும், எதைச் சரிசெய்யவே முடியாது என்பதே அது. ஆள்பவர் சாமி கும்பிடாவிட்டால் கோயில் பூட்டப்பட்டுவிடாது. ஐந்தாண்டு கழித்து ஆளை மாற்றலாம். சுதந்திரம் வந்தது முதல் ஒரே கட்சி அசையாமல் உட்கார்ந்திருப்பதும், நிலமும் தொழிலும் அரசின் கைக்குப் போவதும் அப்படியல்ல. மரபைக் காக்க விரும்புகிறவர் வேட்பாளரின் பக்தியைவிட, அவரை இறக்கிவிட முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கோயில் ஊர் என்றால் ஆத்திக வாக்கு ஒரே பக்கம் விழும் என்பதும் சரியில்லை. 1957இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது மக்களவைக்குப் போனவர்கள் இருவர்தான். ஒருவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத்; மற்றவர் திருவண்ணாமலையில் வென்ற இரா. தர்மலிங்கம். 1963இல் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலிலும் இவ்வூர் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் மாநிலமெங்கும் அக்கட்சி 137 இடங்களைப் பிடித்த 1967இல், திருவண்ணாமலைச் சட்டமன்றத் தொகுதி காங்கிரஸிடம் போனது. அதே கோயில், அதே தீபம். கணக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு.

பலன் என்ன? 1968இல் இருமொழிக் கொள்கை வந்தது, ராஜாஜி விரும்பியதுதான். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. நம் மளிகைக்கடைக்காரர் முகம் சுளித்திருப்பார். ஆனால் அவர் வீட்டுக் கல்யாணத்தில் புரோகிதர் வருவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. பெரிய அடி 1971இல் விழுந்தது. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கைக் கருணாநிதி அரசு தளர்த்தியது. தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி முதல்வரின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று மன்றாடியும் பயனில்லை. 1974இல் கடைகள் மூடப்பட்டாலும் பின்னர் மீண்டும் திறந்தன. ஆளை மாற்றலாம், பழக்கத்தை மாற்றுவது கடினம் என்பதை அவருடைய கணக்கு குறைத்து மதிப்பிட்டிருந்தது.

அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் இதே மனக்குழப்பம் அதிபர் தேர்தலில் தெரிந்தது. 2016இல் டொனால்ட் டிரம்பின் பேச்சும் நடத்தையும் பல பழமைவாதக் கிறிஸ்தவர்களைக் கூசவைத்தன. உச்ச நீதிமன்றத்தில் காலியாகக் கிடந்த நீதிபதி இடம் அவர்கள் கண்ணில் பெரிதாகத் தெரிந்தது. வெள்ளை இன இவாஞ்சலிக்கர்களில் பத்தில் எட்டுப் பேர் அவருக்கு வாக்களித்தனர். 2022இல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு ரத்தானபோது கணக்கு பலித்தது என்றனர். ஆனால் அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. தனிவாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பொதுவாழ்வில் நேர்மையாக நடக்க முடியும் என்று 2011இல் அவர்களில் 30 சதவீதம் பேர்தான் கருத்துக்கணிப்பில் சொன்னார்கள். 2016இல் அது 72 சதவீதம் ஆனது.

ராஜாஜி அந்த வழியில் போகவில்லை. 1971 தேர்தலில், தன் நெடுநாள் எதிரியான காமராஜரோடு கைகோத்து தி.மு.க.வை எதிர்த்தார், தோற்றார். தேர்தல் கணக்கில் அது தோல்விதான். ஆனால் தான் ஆதரித்த கட்சியின் குறை கடைசிவரை அவர் கண்ணுக்குக் குறையாகவே தெரிந்தது. குறை தெரிந்தே வாக்களிப்பது ஒரு பேரம். ஜனநாயகத்தில் அதற்கு இடமுண்டு. வாக்களித்துவிட்ட காரணத்துக்காக அந்தக் குறையையே நிறையென்று சொல்லத் தொடங்குபவர், எந்த மரபைக் காக்கப் பேரம் பேசினாரோ அதையே விலையாகக் கொடுத்துவிடுகிறார்.